பி.இ.டி. பீரியடில் மரத்தடி காலியாக இருக்க வேண்டுமென்றால்

கேள்வி இது: நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு, 42 பிள்ளைகள். வாரத்துக்கு இரண்டு உடற்கல்வி (பி.இ.டி.) பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். கையில் இரண்டு பந்து, சுமாரான மைதானம். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் ஆடுகிறார்கள், மீதிப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாரும் ஆசையோடு ஆடும்படி பாடவேளையை எப்படி நடத்துவது?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரு பந்தை ஒவ்வொருவராக எறியச் சொல்கிறோம். எறிவதற்கும் பந்தை எடுத்து வருவதற்கும் ஆறு வினாடி என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்குப் பத்து எறிதல். 25 நிமிடத்தில் 250. ஆளுக்கு ஆறு முறை வரும். ஆக, ஒரு பிள்ளை மொத்தம் 36 வினாடி பந்தோடு இருக்கிறது, மீதி 24 நிமிடம் வெயிலில் நிற்கிறது. அந்த ஆறு எறிதலும் 41 பேர் பார்க்க நடக்கிறது. சரியாக எறியத் தெரியாத பிள்ளைக்கு அது ஆறு முறை அவமானம். மரத்தடிக்கு ஏன் போகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

அதே 42 பேரை மூன்று மூன்று பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து (தாளில் சுருட்டிய பந்தாக இருந்தாலும் போதும்) கொடுத்தால், தவறவிட்டு ஓடி எடுப்பதையும் சேர்த்து எறிதலுக்கு ஐந்து வினாடி ஆகும். ஆளுக்கு நிமிடத்துக்கு நான்கு எறிதல், நான்கு பிடித்தல். பத்தே நிமிடத்தில் ஆளுக்கு நாற்பது எறிதல். பக்கத்துக் குழு தன் பந்தைத் துரத்திக்கொண்டிருப்பதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பிள்ளைக்குச் சந்தோஷம் வருவது இங்கேதான்: கைக்கு அடிக்கடி வாய்ப்பு வருகிறது, தப்பு செய்தால் யாரும் கவனிப்பதில்லை, கொஞ்ச நேரத்தில் கை பழகிவிடுகிறது. நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை ஒட்டியதுதான். யாரும் காத்திருக்காதபடி வேலையை அமைப்பது.

கோ-கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளிகளில் வசதியில்லாத இடத்திலும் ஆடக்கூடிய அருமையான ஆட்டம். ஆனால் போட்டி விதிப்படி அணிக்கு ஒன்பது பேர். துரத்தும் அணியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் துரத்துவார். எதிரணியிலிருந்து மூவர் மூவராக உள்ளே வருவார்கள். ஒரு நேரத்தில் ஓடுபவர்கள் நான்கே பேர். 42 பேர் வகுப்பில் 38 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லது நிற்கிறார்கள். போட்டிக்கு அது சரி. பாடவேளைக்கு அதைச் சின்னதாக்க வேண்டும்: நான்கு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் 2 மீட்டர், இரு முனையிலும் கம்பத்துக்குப் பதில் பழைய டயர். ஐந்துக்கு ஐந்து. நான்கு பேர் உட்கார, ஒருவர் துரத்த, இரண்டு பேர் ஓட வேண்டும். ஒரு முறைக்கு 90 வினாடி, பிறகு மாற்றம். இப்படி நான்கு ஆடுகளம் போட்டால் 40 பேர் ஆட்டத்தில் இருக்கிறார்கள். மீதி இருவர் நேரம் பார்த்து விசில் ஊதுகிறார்கள், அடுத்த சுற்றில் அவர்களும் உள்ளே. உட்கார்ந்திருப்பவருக்கும் அரை நிமிடத்துக்கு ஒரு முறையாவது எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

கோ-கோவில் அடிபடுவது பெரும்பாலும் ‘கோ’ கொடுக்கும்போதுதான். முதுகில் தொட்டு உடனே சத்தமாகச் சொல்ல வேண்டியதை, ஆவேசத்தில் தள்ளிவிடுவார்கள். குந்தியிருக்கும் பிள்ளை முகம் குப்புற விழுந்து தாடை கிழியும். ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் தொட்டு எழுப்புவதை மட்டும் பழக்குங்கள். தள்ளினால் அந்தக் ‘கோ’ செல்லாது, அதே ஆள் திரும்பத் துரத்த வேண்டும் என்று வைத்துவிட்டால் இரண்டே நாளில் கை மென்மையாகிவிடும். உட்கார்ந்திருப்பவர் விரல் கட்டத்துக்கு வெளியே நீட்டியிருக்கக் கூடாது, மிதிபடும்.

கருவி இல்லை என்பதற்கு

சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டு மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை. இந்தப் பணத்தில் ஒரு கிரிக்கெட் செட்டும் இரண்டு கேரம் போர்டும் வாங்கிவிட்டு, மீதியை நல்ல தோல் பந்தில் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிரிக்கெட் செட்டில் ஒரே நேரத்தில் பந்தைத் தொடுகிறவர் இரண்டு பேர். அதே காசில் 100 மீட்டர் பருத்திக் கயிறு, சின்ன ரப்பர் பந்து ஒரு டஜன், டென்னிகாய்ட் வளையம் (எறிந்து பிடிக்கும் ரப்பர் வளையம்) ஒரு டஜன் வாங்கினால் மொத்த வகுப்புக்கும் வேலை இருக்கும்.

கயிறு 8 மி.மீ. தடிமன் இருக்கட்டும். நைலான் லேசாக இருப்பதால் காற்றில் வளைந்து காலில் சிக்கும், புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது சுழலவே சுழலாது. நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். ஆறாம் வகுப்புக்கு 2.1 முதல் 2.4 மீட்டர் சரியாக இருக்கும், ஆக 100 மீட்டரில் வகுப்பு முழுவதற்கும் வெட்டிவிடலாம். முனையில் ஒரு முடிச்சு போட்டால் பிரியாது, பிடிக்கவும் வாகு. நீளம் அதிகமானால் முடிச்சைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். கையில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள், தடுக்கி விழும்போது கை இழுபடும்.

மற்றவற்றைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். மழை பெய்யும் ஒரு பாடவேளை போதும்.

பந்து: நான்கு செய்தித்தாளை இறுக்கிக் கசக்கி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பழைய சைக்கிள் டியூபை ஒரு செ.மீ. அகலத்தில் வளையம் வளையமாக நறுக்கி, பத்துப் பன்னிரண்டு வளையத்தைக் குறுக்கும் நெடுக்கும் மாட்டினால் தீர்ந்தது. இது எம்பாது, உருண்டு ஓடாது, பட்டால் வலிக்காது. பந்துக்குப் பயப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பந்து கடையில் கிடையாது.

வளையம்: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை 55 செ.மீ. நறுக்கி, உள்ளே 4 செ.மீ. குச்சியைப் பாதிப் பாதி நுழைத்து இரு முனையையும் சேர்த்து, இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. டென்னிகாய்ட் வளையத்தின் அளவுக்கு வந்துவிடும். குச்சியின் முனையை மழுங்கத் தேய்க்காவிட்டால் ஹோஸைக் குத்திக்கொண்டு வெளியே வரும், உள்ளங்கையைக் கிழிக்கும்.

மூட்டை: 12 செ.மீ. சதுரத் துணிப்பை, உள்ளே 100 கிராம் புளியங்கொட்டை. இரட்டைத் தையல். கோனுக்குப் பதில், கால் பங்கு மணல் போட்ட தண்ணீர் பாட்டில்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். காரம் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, ஓடும்போது புழுதியோடு சேர்ந்து கிளம்பும். கோலமாவு போதும். மூலை நேராக வர, ஒரு கயிற்றில் அடுத்தடுத்து 3, 4, 5 மீட்டர் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் நேர்கோணம் கிடைக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். பிதாகரஸ் தேற்றம் மைதானத்தில் கிடப்பது அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

40 நிமிடம் எங்கே போகிறது

வகுப்பறையிலிருந்து வந்து, உயரவரிசையில் நின்று, அட்டென்ஷன், ஸ்டாண்டட்டீஸ், வருகைப்பதிவு, அறிவுரை என்று பத்துப் பன்னிரண்டு நிமிடம் போய்விடுகிறது. உடற்கல்வி ஆசிரியரை இன்னமும் ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைக்கும் ஊர்கள் உண்டு. பட்டாளத்துப் பயிற்சியே உடற்பயிற்சி என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. அந்தப் பழக்கத்தை மாற்றி ஆட்டங்களைப் பாடமாக்கியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் இங்கே தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்தும் வரிசை நிற்க வைப்பதிலேயே கால் பங்கு நேரம் கரைவது வருத்தம்தான்.

நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வந்து சேர 3 நிமிடம். வந்தவுடன் ஆட்டம் 5 நிமிடம். திறன் பழக்கம் 10. அதே திறன் பயன்படும் ஆட்டம் 15. நிதானப்படுத்தித் தண்ணீர் குடிக்க 4. திரும்ப 3. இதில் உயிர்நாடி ‘வந்தவுடன் ஆட்டம்’. மைதானத்தில் கால் வைத்ததும் பிள்ளைக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் நிற்கச் சொன்னால் அன்றைக்கு முழுக்க அதட்டிக்கொண்டே இருக்க நேரும். எனவே முதலில் வந்தவர் கடைசி ஆளுக்காகக் காத்திராமல் ஆடத் தொடங்கும்படி எளிய ஒன்று தயாராக இருக்கட்டும். வால் பிடித்தல் இதற்கு மிகப் பொருத்தம்: ஒவ்வொருவரும் இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளத் துணியை இடுப்பின் பின்பக்கம் செருகிக்கொண்டு, தன் வாலைக் காத்துக்கொண்டு மற்றவர் வாலைப் பறிக்க வேண்டும். வால் போனவர் வெளியே போவதில்லை. ஐந்து முறை குதித்துவிட்டு வேறு வால் எடுத்துக்கொண்டு திரும்ப வர வேண்டும். உடம்பு சூடேற்றும் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

வருகைப்பதிவுக்கு மாதத்துக்கு ஒரு முறை அமைக்கும் நிலையான குழு உதவும். ஏழு குழு, குழுவுக்கு ஆறு பேர். குழுத் தலைவர் ‘ஐந்து சார், ஒருவர் லீவு’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தலைமை வாரம் ஒருவருக்கு மாறட்டும். இரண்டு கேப்டனை நிறுத்தி மாற்றி மாற்றி ஆள் எடுக்கச் சொல்லும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். கடைசியாக எடுக்கப்படும் அந்த இரண்டு பேர் யார் என்று வகுப்புக்கே முன்கூட்டித் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

விசில் சத்தத்துக்குப் பொருள் இரண்டே இருக்கட்டும். நீளமாக ஒன்று: பந்தைத் தரையில் வைத்து அங்கேயே நில். குட்டையாக இரண்டு: ஓடி வந்து என்னைச் சுற்றி உட்கார். முதல் வாரம் இதையே ஓர் ஆட்டமாக்கி, பத்து எண்ணுவதற்குள் முடிகிறதா என்று பாருங்கள். விளக்கும்போது சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகள் முதுகில் படட்டும். கண் கூசுகிற பிள்ளை காதையும் மூடிக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். செய்து காட்டி, ஒரு குழுவை ஆடவிட்டுக் காட்டி, உடனே தொடங்குங்கள். புரியாதது ஆடும்போது புரியும்.

எறியத் தெரியாத பிள்ளை

திறன் பழக்கும் பத்து நிமிடத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தைத் திருத்துங்கள். எறிதலில் அதிகம் காணும் குறை, வலது கையால் எறிகிறவர் வலது காலையே முன்வைப்பது. அப்படி நின்றால் இடுப்பு திரும்பாது; தோளும் முழங்கையும் மட்டும் வேலை செய்யும், பந்து ஐந்து மீட்டரில் விழும். ‘காலை மாத்து’ என்று கத்தினால் பிள்ளை குழம்பும். தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, அதற்குப் பக்கவாட்டில் நிற்க வைத்து, இடது காலால் கயிற்றைத் தாண்டி மிதித்து எறியச் சொல்லுங்கள். தாண்டும்போது இடுப்பு தானாகத் திரும்பும். சுவரில் இலக்கு வரைந்து ‘குறி பார்த்து அடி’ என்றால் பிள்ளை அடக்கி எறியும். முதலில் ‘சுவரில் எவ்வளவு சத்தம் வருகிறது பார்ப்போம்’ என்று பலமாக எறியவிடுங்கள். உடம்பு முழுதும் சேர்ந்து வரும். குறி பிறகு வரும். சிறுமிகளுக்கு எறிய வராது என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு நம்பிவிடுகிறோம். தம்பிக்குத் தெருவில் நாளெல்லாம் பந்து கிடைத்திருக்கும், அக்காவுக்குக் கிடைத்திருக்காது. வித்தியாசத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நாற்பது நாற்பதாக எறியக் கொடுங்கள்.

பிடிப்பதில் குறை வேறு. பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடி, இரு கையையும் விறைப்பாக நீட்டுகிறது பிள்ளை. எப்போதோ மூக்கில் பட்டிருக்கும். அதட்டினால் பயம் கூடும். பலூன், பிறகு புளியங்கொட்டை மூட்டை, பிறகு தாள் பந்து, பிறகு ஒரு முறை தரையில் குத்தி வரும் ரப்பர் பந்து, கடைசியாக நேராக வரும் பந்து. எந்தப் படியில் பத்துக்கு ஏழெட்டு முறை பிடிக்கிறதோ அந்தப் படியில் நிறுத்துங்கள். பத்துக்குப் பத்து வந்தால் சலிப்பு. மூன்று வந்தால் மரத்தடி. ஒரே வகுப்பில் மூன்று குழு மூன்று வகைப் பந்தோடு ஆடுவதில் தவறே இல்லை. எது வேண்டும் என்று பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும். முதல் நாள் வீம்புக்குக் கடினமானதை எடுப்பவர் இரண்டாம் நாள் தனக்கேற்றதை எடுப்பார்.

கிளித்தட்டு போல் ஓர் ஆட்டம்

பிள்ளைகள் ஏற்கெனவே தெருவில் ஆடும் ஆட்டங்களைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம். அவற்றுக்கு விதி சொல்லித்தர வேண்டாம், கருவி வேண்டாம். கிளித்தட்டை மாதிரிக்கு விரிவாகச் சொல்கிறேன். சில ஊர்களில் உப்புக்கோடு என்பார்கள். விதியும் ஊருக்கு ஊர் மாறும்.

6 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் ஒரு கட்டம். நீளவாக்கில் நடுக்கோடு. 3 மீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடு, ஆக நான்கு. காக்கும் அணி ஐந்து பேர்: குறுக்குக் கோட்டுக்கு ஒருவர், அவர் அந்தக் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. ஐந்தாமவர் கிளி. நுழைவுக் கோட்டில் தொடங்கி, நடுக்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் எங்கும் பறக்கலாம். ஏறும் அணி ஐந்து பேர் தொடப்படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிக் கடைசிக்குப் போக வேண்டும். நான்கு கட்டம் பக்கம் பக்கமாக, நடுவே 2 மீட்டர் இடைவெளி விட்டால் 30 மீட்டர் அகலத்தில் 40 பேரும் ஆடலாம்.

தெருவில் ஆடும்போது ஒருவர் தொடப்பட்டால் ஆட்டமே மாறும், அல்லது அவர் வெளியே. வகுப்பில் இதை மாற்ற வேண்டும். தொடப்பட்டவர் கட்டத்துக்கு வெளியே ஓடித் தொடக்கத்துக்கு வந்து மறுபடி ஏறட்டும். கடைசிக் கோட்டைத் தாண்டியவர் ‘பழம்’ என்று கத்திவிட்டு அவரும் வெளிவழியாக வந்து மறுபடி ஏறட்டும். நான்கு நிமிடத்தில் அணிக்கு எத்தனை பழம் என்பதே கணக்கு. மெதுவாக ஓடும் பிள்ளை நான்கு நிமிடமும் ஆட்டத்தில் இருக்கும். ‘அவுட் ஆனால் வெளியே’ என்ற விதியில் முதலில் வெளியேறுவது எப்போதும் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். ஏழுகல், ஓடிப்பிடித்தல், எல்லாவற்றுக்கும் இதே மாற்றம் பொருந்தும்.

கிளி மிகக் கெட்டிக்காரனாக இருந்தால் ஒரு பழமும் விழாது. அப்போது கட்டத்தின் அகலத்தை 7 மீட்டராக்குங்கள், அல்லது கிளிக்கு நடுக்கோடு மட்டும் என்று வையுங்கள். பழம் கொட்டினால் 5 மீட்டராகக் குறையுங்கள். எந்த ஆட்டத்தையும் சரிசெய்ய நான்கு பிடிகள் உண்டு: இடம், விதி, கருவி, ஆள் எண்ணிக்கை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இதே நான்கு பிடியால்தான் மாற்றுத்திறன் உள்ள பிள்ளையையும் ஸ்கோர் எழுத உட்கார வைக்காமல் ஆட வைக்க முடியும். காலில் காலிப்பர் போட்ட பிள்ளை காக்கும் அணியில் இருந்தால் அந்தக் கோட்டை மட்டும் 4 மீட்டராக்கலாம். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பந்தை மொறமொற பிளாஸ்டிக் பையில் கட்டினால் சத்தம் வழிகாட்டும். காது கேளாத பிள்ளை இருந்தால் விசிலோடு சிவப்புத் துணியையும் அசையுங்கள். எது வசதி என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பது நல்லது.

பெண்பிள்ளைகள் ஏன் ஒதுங்குகிறார்கள்

ஏழாம் எட்டாம் வகுப்பில் இது வேகமாக நடக்கும். ஆர்வம் குறைந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் காரணம் கண்ணெதிரே இருக்கும்: பாவாடையில், துப்பட்டாவோடு ஓட முடியவில்லை, மைதானம் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, பையன்கள் பந்தைத் தருவதில்லை. பி.இ.டி. உள்ள நாளில் டிராக் பேன்ட் போட்டு வரத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது முதல் வேலை. சாலைப் பக்கத்தை விட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் ஆடுகளம் போடலாம். மாதவிடாய் நாளில் ஆடலாமா என்று கேட்டால், ஆடலாம், உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். வலி இருந்தால் காரணம் கேட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். ‘இன்று மெதுவாக’ என்ற ஒரு சொல்லை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்துவிட்டால் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பந்து கிடைக்காத சிக்கலுக்கு, பெண்பிள்ளை போட்டால் இரண்டு புள்ளி என்றோ, எல்லாரும் தொட்ட பிறகுதான் கோல் என்றோ விதி வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் விதி பெண்பிள்ளையை வேறு சாதியாக்குகிறது. இரண்டாவதில் பந்தைச் சும்மா கையில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றுக்கு மூன்றாக ஆடவிட்டால், விதியே இல்லாமல் பந்து மூன்று பேருக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

குண்டான பிள்ளைக்கும் இதே கவனம் வேண்டும். எல்லார் முன்னாலும் எடை பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் 9 முதல் 18 வயது வரை 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து எட்டித் தொடுதல் போன்றவை உண்டு. அதை எடுக்கும்போது வகுப்பே நின்று பார்க்க ஒருவரை ஓடவிடாமல், மற்றவர்கள் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருக்க ஆறு ஆறு பேராக அழையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை கொடுத்து, 30 வினாடியில் எத்தனை ஸ்கிப்பிங், நின்றபடி எவ்வளவு தூரத் தாண்டல், சுவரில் எறிந்து பிடித்தது எத்தனை என்று ஜூனில், செப்டம்பரில், ஜனவரியில் எழுதச் சொல்லுங்கள். ஜூனில் 11 இருந்தது ஜனவரியில் 34 ஆவதைப் பார்க்கும் பிள்ளையை மரத்தடி இழுக்காது.

தண்டனைக்கு மைதானத்தைச் சுற்றவிடுவதும் தோப்புக்கரணம் போடச் சொல்வதும் அறவே கூடாது. ஓடுவதை ஒரு கையால் பரிசென்றும் மறு கையால் தண்டனை என்றும் கொடுக்க முடியாது. கூட்டத்தைக் கலைக்கிறவருக்கு இரண்டு நிமிடம் ஆட்டத்துக்கு வெளியே இருப்பதே போதுமான தண்டனை, ஆட்டம் நன்றாக இருக்கும்பட்சத்தில்.

வெயில்

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வாரம் இரண்டு பாடவேளையில் அது முழுதாக வராது. இருக்கிற 40 நிமிடத்தில் பாதியாவது அந்த அளவில் இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கச் சுலப வழி: பிள்ளை பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

அதற்காக ஜூன் மாதத்து மதியம் பிழிந்தெடுக்கவும் கூடாது. கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளையின் உடம்பு வெயில் ஓட்டத்துக்குப் பழகப் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் நிழலில் எறிதல், பிடித்தல், வளையம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர், 100 முதல் 250 மி.லி.; தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மதிய உணவுக்கு அடுத்த பாடவேளை என்றால் பாண்டி, கோலி, குறி எறிதல். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்றால் நிழலில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, தண்ணீர் கொடுங்கள். பேச்சு குளறினால், தடுமாறினால், நினைவு தப்பினால் அது வெப்ப அதிர்ச்சி (ஹீட் ஸ்ட்ரோக்). வாயில் எதுவும் ஊற்றாமல் உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். குளிர்விப்பதை ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது தவறு, இரத்தம் தொண்டைக்குள் போகும். முன்பக்கம் குனிய வைத்து மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் குறை உள்ள பிள்ளைகள் யார் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் வகுப்பறைப் பைக்குள் அல்ல, மைதானத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். வளையல், கொலுசு, ஊக்கு கழற்றப்பட்டனவா, தரையில் கண்ணாடித் துண்டு, நெருஞ்சி முள் இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் ஒரு நடை நடந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை. வெறுங்காலோடு வரும் பிள்ளைக்கு மதியம் மணல் சுடும். அந்தப் பிள்ளை சொல்லாது, நாம்தான் காலைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டி நெருங்கும் மாதங்களில் உடற்கல்வி ஆசிரியரின் கவனம் அணிக்குத் தேர்வான பன்னிரண்டு பேரிடம் போய்விடும், மீதி முப்பது பேருக்குப் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அணிப் பயிற்சியைப் பள்ளி தொடங்கும் முன்னரோ விட்ட பிறகோ வைத்துக்கொண்டு, பாடவேளையை மொத்த வகுப்புக்கும் விடுங்கள். கணக்குப் பாடத்துக்குப் பீரியடைக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு ‘இன்று இதுதான் பாடம்’ என்று நான்கு வரி எழுதிய திட்டத்தைக் காட்டினால் மறுப்பது எளிது. திட்டமே இல்லாத பீரியடைத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த பாடவேளைக்கு எல்லாவற்றையும் மாற்ற முயல வேண்டாம். விசில் பழக்கம், வால் பிடித்தல், மூவருக்கு ஒரு தாள் பந்து, இந்த மூன்று போதும். ஒரு கைக்கடிகாரத்தோடு, வழக்கமாக மரத்தடிக்குப் போகும் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம், எத்தனை வினாடி உண்மையில் அசைகிறார்கள், பந்து எத்தனை முறை கைக்கு வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் குறியுங்கள். நான்கு வாரம் கழித்து அதே மூவரை மறுபடி குறியுங்கள். எண் ஏறாவிட்டால், அந்த மூவர் இருக்கும் குழுவின் பந்தையோ, இடத்தையோ, ஆள் எண்ணிக்கையையோ முதலில் மாற்றுங்கள்.